பச்சை விழுந்த முதல் சில செக்கன்கள்: திருகோணமலை நாற்சந்தியில் சைக்கிளுக்கு இடம் விட்டால் என்ன ஆகும்?

சந்தியில் சைக்கிளுக்கென்று இடம் ஒதுக்கினால் வாகன வரிசை நீளும் என்பது எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். ஓட்டோக்காரரும் சொல்வார், பஸ் சாரதியும் சொல்வார், பிள்ளையைச் சைக்கிளில் ரியூசனுக்கு அனுப்புகிற தகப்பனும் சொல்வார். எந்த ஏற்பாட்டுக்கு அது உண்மை, எதற்கு உண்மையில்லை என்று ஒரு சந்தியை வைத்துக் கணக்குப் பார்த்ததுதான் இந்த ஆய்வு.

முதலில் ஊரின் அமைப்பு. திருகோணமலைப் பழைய நகரம், ஒரு பக்கம் உள்துறைமுகமும் மறுபக்கம் திறந்த கடலும் நெருக்கும் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. சுற்றிப் போக வழி குறைவு. தம்புள்ளை, ஹபரணை வழியாக வரும் ஏ6, அநுராதபுரத்திலிருந்து வரும் ஏ12, மட்டக்களப்பிலிருந்து வரும் ஏ15 மூன்றும் இந்தப் பக்கம்தான் வந்து சேர்கின்றன. 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்து, வாகனங்களைப் படகில் ஏற்றி இறக்கிய காலம் முடிந்த பிறகு, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தாருக்கு நகரம் இன்னும் கிட்டவாகிவிட்டது. ஆக ரிப்பரும் தூர சேவை பஸ்ஸும் மீன் ஏற்றிய லொறியும் பள்ளிப் பிள்ளையின் சைக்கிளும் ஒரே வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. 2022 இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டபோது மூலையில் கிடந்த சைக்கிள்களையெல்லாம் துடைத்து எடுத்தோம். எரிபொருள் வந்ததும் பலர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டாலும் பாடசாலைப் பிள்ளைகள் பலர் சைக்கிளில்தான் போகிறார்கள்.

கணக்குக்கு எடுத்த சந்தி, பெயர் சொல்லக்கூடிய ஒரு குறிப்பிட்ட சந்தி அல்ல. நகரில் காணக் கிடைக்கிற வகையான ஒரு நாற்சந்தி: பிரதான வீதியில் ஒவ்வொரு திசைக்கும் 3.5 மீற்றர் அகலத்தில் ஒரே ஒரு தடம், அதன் இடப்பக்கம் ஒன்றரை மீற்றர் ஓரம், ஓரத்தை அடுத்துக் கான். குறுக்கு வீதியும் ஏறத்தாழ அப்படியே. இரண்டு கட்டச் சமிக்ஞை விளக்கு: ஒரு முறை பிரதான வீதிக்குப் பச்சை, அடுத்த முறை குறுக்கு வீதிக்கு. கீழே வரும் எண்கள் வீதியில் நின்று எண்ணியவை அல்ல, கணக்கு விளங்குவதற்காக உருண்டையாக எடுத்தவை. சூத்திரங்களும் அவற்றின் மாறிலிகளும் மட்டும் போக்குவரத்துப் பொறியியலில் நிலைத்துவிட்டவை.

நிறுத்தக் கோட்டில் நடப்பது

சிவப்பு விழுந்தவுடன் முதலில் வந்து நிற்பது ஒரு வேன் என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு பக்கத்தாலும் மோட்டார் சைக்கிள்கள் முன்னேறிக் கோட்டைத் தாண்டி நிற்கும். ஓர் ஓட்டோ தன் மூக்கை மட்டும் இடைவெளிக்குள் செருகும். சைக்கிள்காரப் பிள்ளைகள் கானுக்கும் வேனுக்கும் நடுவில், இடது காலை விளிம்புக் கல்லில் ஊன்றியபடி நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி முன் பாரில் தம்பியை இருத்தியிருப்பாள். பின்னால் மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று, பெட்டியின் அகலத்தால் ஒதுங்க முடியாமல், தடத்தின் நடுவிலேயே நிற்கும்.

பச்சை விழுகிறது. மோட்டார் சைக்கிள்கள் பறந்துவிடும். மீன்பெட்டிக்காரர் பெடலில் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கி, சைக்கிள் நேராகி, வேகம் பிடிக்கச் சில செக்கன் ஆகும். அதுவரை அவர் பின்னால் நிற்கிற கார் அசையாது. இதே நேரம் வேன் இடப்பக்கம் திரும்புகிறது. நேரே போக வேண்டிய பிள்ளைகள் அதன் கதவோடு ஒட்டி நிற்கிறார்கள். வேன் அவர்களுக்காக நின்றால் முழு வரிசையும் நிற்கும், நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சைக்கிளால் வரும் தாமதத்தின் பெரும் பகுதி இந்த முதல் ஐந்தாறு செக்கனுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. வரிசை ஓடத் தொடங்கிய பிறகு ஓரமாகப் போகிற சைக்கிள் யாரையும் பெரிதாக மறிப்பதில்லை. பொறியியல் மொழியில் சொன்னால், ஓடத் தொடங்கிய வரிசையிலிருந்து ஒரு தடத்தில் ஏறத்தாழ 2 செக்கனுக்கு ஒரு கார் கோட்டைத் தாண்டும், அதாவது பச்சை நிற்காமல் எரிந்தால் மணிக்கு 1800. அமெரிக்க வீதிக் கொள்ளளவுக் கைந்நூல் அடிப்படையாக 1900 எடுக்கிறது. ஆனால் பச்சை விழுந்தவுடன் யாரும் முழு வேகத்தில் கிளம்புவதில்லை, ஒவ்வொரு பச்சையின் தொடக்கத்திலும் 2 செக்கனளவு வீணாகிறது. முன்னால் சைக்கிள் இருந்தால் அந்த 2 செக்கன் 5 ஆகலாம்.

அதே கைந்நூல் 1.2 மீற்றர் அகலச் சைக்கிள் தடத்துக்கு மணிக்கு 2000 சைக்கிள் என்று எடுக்கிறது. காரின் 1900க்குத் தேவைப்படும் தடம் அதைப்போல மூன்று மடங்கு அகலம். ஒரு மீற்றர் தார் வீதிக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் சைக்கிள்தான் சிக்கனம். இருந்தும் சைக்கிளால் வரிசை நீள்கிறது என்று எல்லோருக்கும் தோன்றுவது ஏன்?

விடை கார் சமானத்தில் இருக்கிறது. எல்லா வாகனத்தையும் காராக மாற்றி எண்ணுவதற்கு ஓர் எடை கொடுப்பார்கள். பிரித்தானியாவில் சைக்கிளின் எடை 0.2, ஐந்து சைக்கிள் ஒரு கார். இந்திய நகர வீதி வழிகாட்டியில் அது 0.4 முதல் 0.5 வரை. ஒரே வண்டிக்கு இவ்வளவு வித்தியாசமா என்றால், அந்த எண் வண்டியின் குணம் அல்ல, அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. காரின் பக்கத்தில் ஓரமாக நிற்கும் சைக்கிளுக்கு 0.2 கூட அதிகம். காரின் முன்னால் தடத்தின் நடுவில் நிற்கும் அதே சைக்கிள், தொடக்கத்தில் 3 செக்கன் தின்றால், ஒன்றரைக் காருக்குச் சமன். சைக்கிள் வசதி என்று நாங்கள் போடுகிற எதுவும் இந்த எடையைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முன் பெட்டி

மிக மலிவான வசதி, கார்களின் நிறுத்தக் கோட்டைப் பின்னுக்குத் தள்ளி, அதன் முன்னால் சைக்கிள் நிற்க ஒரு பெட்டி வரைவது. பிரித்தானியாவில் முதலில் 1984 இல் ஒக்ஸ்போர்ட் நகரில் போட்டார்கள். ஆழம் நெடுங்காலம் 4 முதல் 5 மீற்றர் வரை இருந்தது, இப்போது 7.5 வரை அனுமதி. வாகனத் தடம் எதையும் எடுக்காமல் பெட்டி மட்டும் போட்ட இடங்களில் சந்தியின் கொள்ளளவு குறிப்பிடும்படி குறையவில்லை என்பதுதான் அங்கே கண்டது. தடத்தை எடுத்த இடங்களில் குறைந்தது, அதில் வியப்பில்லை.

ஏன் குறையவில்லை என்பதைக் கணக்கிலேயே காணலாம். சைக்கிள் சந்தியைக் கடக்கும் வேகம் செக்கனுக்கு 4 மீற்றர் என்று எடுத்தால், 5 மீற்றர் பெட்டி ஒரு செக்கனுக்கு மேற்பட்ட முந்துதலைக் கொடுக்கிறது. பெட்டிக்குள் சைக்கிள்கள் வரிசையாக அல்லாமல் பக்கம் பக்கமாக நிற்பதால் கூட்டம் ஒரே வீச்சில் கலைகிறது. இடப்பக்கம் திரும்பும் சாரதிக்கு அவர்கள் கண்ணாடியில் அல்ல, கண்ணுக்கு நேரே தெரிகிறார்கள்.

பெட்டிக்கு இரண்டு நோய்கள் உண்டு, இரண்டும் எங்கள் ஊரில் கட்டாயம் வரும். ஒன்று, பெட்டிக்குப் போகிற வழி. ஓரத்தில் ஒன்றரை மீற்றர் நுழைதடம் இல்லாவிட்டால் சைக்கிள் பெட்டியை அடையவே முடியாது, வரிசையின் நடுவில் மாட்டிக்கொள்ளும். எங்கள் சந்தியில் அந்த ஒன்றரை மீற்றர் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் அதில் ஓட்டோக்கள் தரித்து நிற்கின்றன, பக்கத்தில் ஒரு இளநீர் வண்டி, அதற்கப்பால் கடைக்குச் சாமான் இறக்குகிற பட்டா லொறி. ஆகவே பெட்டியின் உண்மையான விலை ஐந்து மீற்றர் வர்ணம் அல்ல, கோட்டுக்குப் பின்னால் 30 மீற்றருக்கு ஓரத்தை வெறுமையாக வைத்திருப்பது. வரைபடத்தில் இது ஒரு கோடு. வீதியில் இது பல குடும்பங்களின் பிழைப்போடு பேச வேண்டிய விஷயம்.

மற்றது மோட்டார் சைக்கிள். பெட்டி வரைந்த அன்றே அது மோட்டார் சைக்கிள்களால் நிறைந்துவிடும். பொலிஸ் நின்று விரட்டினாலும் பொலிஸ் போனதும் திரும்பி வருவார்கள். இதை மீறல் என்று மட்டும் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. இந்தோனேசியாவில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே பெட்டி வரைகிறார்கள். தாய்வானில் சந்திக்குள்ளேயே அவை காத்திருந்து திரும்புவதற்குப் பெட்டி உண்டு. மோட்டார் சைக்கிள் முன்னால் நின்றால் எவரையும் மறிப்பதில்லை, பச்சை விழுந்ததும் காணாமல் போய்விடுகிறது. அவற்றைக் காரோடு கலந்து நிற்க வைப்பதால் வரிசைதான் நீளும். எனவே பெட்டியை இருசக்கர வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக விட்டு, அதன் இடது ஓர ஒன்றரை மீற்றரை மட்டும் சைக்கிளுக்கென்று வர்ணத்தால் பிரித்துவிடலாம். சைக்கிள் ஆர்வலர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் நடக்கப்போவதை முன்கூட்டி ஒழுங்காக வரைந்துவிடுவது, நடக்காததை வரைந்து வைப்பதைவிட நல்லது.

மாரி பெய்யும் ஊர் என்பதால் ஒரு சின்ன எச்சரிக்கை: வழுவழுப்பான தடித்த வீதி வர்ணம் மழையில் இருசக்கர வண்டிகளைச் சறுக்கச் செய்யும். பெட்டி முழுவதையும் பூசாமல் விளிம்பையும் சைக்கிள் குறியையும் மட்டும், சொரசொரப்பான வர்ணத்தில் போட்டால் போதும்.

செக்கன்களின் விலை

இனி விளக்கின் நேரம். இங்கிலாந்தின் வீதி ஆராய்ச்சிக் கூடத்தில் வெப்ஸ்டர் என்பவர் 1958 இல் கொடுத்த சூத்திரம் இன்றும் தொடக்கக் கணக்குக்கு உதவுகிறது. ஒரு முழுச் சுற்றில் வீணாகும் செக்கன்களை ஒன்றரையால் பெருக்கி 5ஐக் கூட்ட வேண்டும். வீதிகளின் சுமை விகிதங்களின் (வருகிற வாகனங்கள், பச்சை நிற்காமல் எரிந்தால் போகக்கூடியவற்றில் எத்தனை பங்கு என்பது) கூட்டுத்தொகையை ஒன்றிலிருந்து கழித்து, வந்த மிச்சத்தால் முன்னதை வகுத்தால் உகந்த சுற்று நேரம் வரும்.

எங்கள் சந்தியில் பிரதான வீதியின் கனத்த பக்கத்தில் மணிக்கு 600, குறுக்கு வீதியின் கனத்த பக்கத்தில் 600 என்று எடுப்போம். 1800இல் 600 மூன்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்து மூன்றில் இரண்டு, மிச்சம் மூன்றில் ஒன்று. ஒரு கட்டத்துக்கு, தொடக்கத்தில் 2 செக்கனும் அடுத்த பச்சைக்கு மாறும் இடைவெளியில் 3 செக்கனுமாக 5 செக்கன் வீணானால் சுற்றுக்கு 10. சுற்று நேரம் 60 செக்கன் என்று வருகிறது. வாகனங்கள் சீராக வந்தால் ஒரு வாகனத்தின் சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 15 செக்கன். இது சைக்கிள் யாருக்கும் குறுக்கே நிற்காத சந்தி.

இப்போது சைக்கிளுக்கென்று முழுதும் தனியான ஒரு கட்டம் கொடுப்போம்: 10 செக்கன் பச்சை, சந்தி வெறுமையாக 5 செக்கன். வாகனங்களைப் பொறுத்தவரை 15 செக்கனும் வீண், மொத்தம் 25. சுற்று நேரம் 60இலிருந்து 127.5க்குத் தாவுகிறது, காத்திருப்பு 34 செக்கனுக்கு ஏறுகிறது. வேறு விதமாகவும் பார்க்கலாம். சுற்றை 90 செக்கனில் வைத்திருக்கும் சந்தியில் ஒரு தடம் மணிக்கு 800 வாகனத்தைக் கடத்தும். தனிக் கட்டம் வந்ததும் அது 650 ஆகிறது, ஏறத்தாழ 19 வீதம் குறைவு. இழந்ததைச் சுற்றை நீட்டி மீட்கலாம் என்றால் 225 செக்கன் சுற்று வேண்டும். கிட்டத்தட்ட நாலு நிமிடம்! எங்கள் வெயிலில் அவ்வளவு நேரம் சிவப்புக்கு நிற்கிற சைக்கிள்காரரை நான் கண்டதில்லை. அவர் சிவப்பிலேயே போய்விடுவார், அவருக்காகப் போட்ட பச்சை ஆளில்லாமல் எரியும்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் எல்லாத் திசைச் சைக்கிளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை கொடுக்கும் சந்திகள் 1980களின் கடைசியிலிருந்து ஓடுகின்றன, வெற்றிகரமாகவே. அங்கே சைக்கிளின் எண்ணிக்கை அதிகம், சைக்கிள் வந்து நின்றதை உணர்ந்து அந்தக் கட்டத்தைக் கூப்பிடும் உணரியும் உண்டு. நிலையான நேரத்தில் ஓடும் விளக்கில் அதே ஏற்பாடு காலை பதினொரு மணிக்கு வெறும் சந்தியைக் காவல் காக்கும். குரோனிங்கனைக் காட்டி இங்கே வாதிடுவதில் அர்த்தமில்லை.

நடுவழி ஒன்று உண்டு. சைக்கிளுக்கு மட்டும் சிறிய பச்சை விளக்கொன்றைத் தாழ்வாக வைத்து, வாகனங்களுக்கு 4 செக்கன் முன்பே எரிய விடுவது. இலண்டனில் போ சுற்றுவட்டத்தில் 2011 இல் இடப்பக்கம் திரும்பிய லொறிகளால் இரு சைக்கிள்காரர் இறந்த பிறகு இந்த முன்பச்சை ஏற்பாடு அங்கே வந்தது. நாங்களும் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் அந்த மோதலின் வடிவம் இங்கே அச்சொட்டாகப் பொருந்தும். இரு கட்டத்துக்கும் முன்பச்சை கொடுத்தால் வீண் 18 செக்கன், சுற்று 96, காத்திருப்பு 25. பிள்ளைகள் வருகிற ஒரு வீதிக்கு மட்டும் கொடுத்தால் வீண் 14, சுற்று 78, காத்திருப்பு 20.

ஆக ஒரு வாகனத்துக்கு 5 செக்கன் கூடுகிறதா? இங்கேதான் வழக்கமான வாதம் பிழையாகிறது. 15 செக்கன் என்ற ஒப்பீடு, சைக்கிள் குறுக்கே நிற்காத சந்திக்கு உரியது. உண்மையில் இன்று கலந்து நிற்கும்போதே, பிள்ளைகள் வருகிற வீதியில் முதல் கார் 3 செக்கன் பிந்துகிறது என்று வைத்தால், வீண் ஏற்கனவே 13, சுற்று 73.5. முன்பச்சையால் அது 78 ஆகிறது. நாங்கள் கொடுக்கிற 4 செக்கனில் 3 ஏற்கனவே கைவிட்டுப் போனவை. மிச்சம் ஒரு செக்கன்தான் புதுச் செலவு. அதற்குப் பதிலாக இடப்பக்கம் திரும்பும் வாகனம் நடுவில் நிற்பதும் குறைகிறது. அந்த இலாபத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வலப்பக்கம் திரும்புவதும் சந்தியைத் துடைக்கிற நேரமும்

வலப்பக்கம் திரும்புகிற சைக்கிள்காரர் தடத்தின் நடுவுக்கு வந்து, எதிரே வருகிற வாகனங்களுக்கு இடைவெளி பார்த்து நிற்பது எல்லோருக்கும் தொல்லை. டென்மார்க்கில் எதிர்த்தடத்தைக் கடந்து திரும்பும் சைக்கிள் இரண்டு தவணையாகத்தான் திரும்ப வேண்டும் என்பது சட்டம். இங்கே அது வலப்பக்கம்: முதலில் இடது ஓரமாக நேரே போய், குறுக்கு வீதி வாகனங்களின் முன்னால் நின்று, அவர்களுடைய பச்சையில் அவர்களோடு சேர்ந்து போவது. குறுக்கு வீதியிலும் பெட்டி இருந்தால் அந்தப் பெட்டிதான் காத்திருக்கும் இடம். வாகன நேரத்தில் ஒரு செக்கன்கூடச் செலவில்லை. சைக்கிள்காரர் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் திரும்புகிறார்கள்.

எல்லோரும் மறக்கிற ஒன்று, பச்சை முடிந்து அடுத்த பச்சை விழுமுன் உள்ள இடைவெளி. கடைசிக் கணத்தில் நுழைந்த கார் 24 மீற்றர் அகலச் சந்தியை மணிக்கு 30 கிலோமீற்றரில் 3 செக்கனுக்குள் கடந்துவிடும். சைக்கிளுக்கு 6 செக்கன். அந்த வித்தியாசத்தை விளக்கு கொடுக்காவிட்டால் சந்தியின் நடுவில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் வீண் கூடும். இதற்கு நல்ல வழி, சந்தியையே சிறிதாக்குவது: மூலைகளின் வளைவைக் கூர்மையாக்கி, நிறுத்தக் கோடுகளை உள்ளே இழுப்பது. கடக்கும் தூரம் 4 மீற்றர் குறைந்தால் சைக்கிளுக்கு ஒரு செக்கன் மிச்சம், கட்டம்தோறும். நீள பஸ் திரும்பும் வளைவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். (நகரத்து மான்களுக்கு எந்த இடைவெளியும் போதாது. அவை எந்தக் கட்டத்திலும் கடக்கும், எல்லா வாகனமும் நிற்கும், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.)

எடுத்த முடிவு

இந்தக் கணக்குகளிலிருந்து நான் பரிந்துரைப்பது: சந்திக்கு வரும் நான்கு பக்கங்களிலும் 5 மீற்றர் இருசக்கரப் பெட்டி, இடது ஓரத்தில் சைக்கிள் பட்டியுடன். பிரதான வீதியில் பிள்ளைகள் வருகிற பக்கத்துக்கு மட்டும் 4 செக்கன் முன்பச்சை. அதுவும் பாடசாலை தொடங்கும் ஏழரைக்கு முந்திய முக்கால் மணி நேரமும், ஒன்றரைக்கு விட்ட பின் ஒரு மணி நேரமும் மட்டும். மற்ற வேளை 60 செக்கன் சுற்று. தனிக் கட்டம் வேண்டாம். வலப்பக்கம் இரண்டு தவணையில்.

நேரத்தை மட்டுப்படுத்துவதற்குக் காரணம், சைக்கிள் நாள் முழுதும் சீராக வருவதில்லை. ஒரு மணி நேரச் சராசரி எடுத்தால் சைக்கிள் ஒன்றுமே இல்லை என்பது போலத் தெரியும். மணி அடித்த இருபது நிமிடத்தில் பார்த்தால் சந்தியே சைக்கிளாக இருக்கும். சராசரியை வைத்து வடிவமைத்தால் இரண்டு வேளையுமே பிழையாகும்.

பலவீனம் ஒன்றும் இருக்கிறது. நெரிசல் கூடியதும் போக்குவரத்துப் பொலிஸார் விளக்கை நிறுத்திக் கையால் இயக்குவது இலங்கை முழுதும் வழக்கம். கையால் இயக்கும்போது பச்சை நீளும், ஒரு பக்கம் முழுதாகக் காலியாகும் வரை மற்றப் பக்கம் நிற்கும், முன்பச்சை என்ற பேச்சே இராது. அதுவும் சரியாகப் பிள்ளைகள் வருகிற வேளையில். ஆகவே நேரத்திட்டம் எழுதும்போதே அந்தச் சந்தியில் நிற்கிற உத்தியோகத்தரை உட்கார வைத்துப் பேச வேண்டும். பெட்டி மட்டும் கைச் சைகையிலும் வேலை செய்யும் என்பது அதற்கு நான் முதலிடம் கொடுக்க இன்னொரு காரணம்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மாடியில் ஒரு தொலைபேசிக் கமெரா போதும். பச்சை விழுந்ததிலிருந்து நான்காவது வாகனம் கோட்டைத் தாண்டிய கணத்தையும் வரிசையின் கடைசி வாகனம் தாண்டிய கணத்தையும் குறித்து, இடைப்பட்ட நேரத்தை அதற்குள் போன வாகனங்களால் வகுத்தால் ஒரு வாகனத்துக்கு எத்தனை செக்கன் என்பது கிடைக்கும். முதல் நான்குக்கு எடுத்த நேரத்திலிருந்து தொடக்க இழப்பு தெரியும். பெட்டி போடுமுன் ஒரு முறை, போட்டுச் சில வாரம் கழித்து ஒரு முறை, இரண்டும் பாடசாலை நாளில், மழை இல்லாத காலையில். தொடக்க இழப்பு குறையாவிட்டால் 3 செக்கன் என்ற என் ஊகம் பிழை, முன்பச்சையை எடுத்துவிடலாம்.

வேலையின் ஒழுங்கு முக்கியம். முதலில் 30 மீற்றர் ஓரத்தை விடுவித்து, ஓட்டோத் தரிப்பிடத்துக்குக் கோட்டுக்குப் பின்னால் வேறு இடம் கொடுக்க வேண்டும். அடுத்து வர்ணம், அதன் பிறகுதான் விளக்கின் நேரம். முதலாவது நடக்காவிட்டால் மற்ற இரண்டையும் தொடவே வேண்டாம். பெட்டிக்குப் போக வழியில்லாத சைக்கிள்கள் வரிசைக்குள் மாட்டி நிற்க, 4 செக்கன் முன்பச்சை மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் பயன்படும், அந்தச் செலவை முழுதாக வாகன வரிசைதான் கட்டும்.